யாரும் கூப்பிடாத பெயர்

நாயின் முதுகுக்கு மேலே ஒரு மூங்கில் கைப்பிடி. ஆளுக்கு முன்னால், நாய்க்கும் முன்னால், அதைத்தான் பார்த்தேன். ஜட்கா குதிரைக்கு வார் தைக்கிறவர் தைத்துக் கொடுத்த தோல் பட்டை, அதிலிருந்து வளைந்து எழுந்த பிடி, அதைப் பற்றியிருந்த விரல்கள். திண்டிவனம் ஸ்டேஷனில் நான் பார்சல் கிளார்க்காகச் சேர்ந்த புதிது. யுத்தம் முடிந்து, போனவர்களில் சிலர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிடியைப் பற்றியிருந்த ஹவில்தார் தம் இரண்டு கண்களையும் பர்மாவில் விட்டுவிட்டுத் திரும்பியிருந்தார்.

வடக்கே, கண் போன சிப்பாய்களை வைத்திருந்த விடுதியில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி இவரிடம் சொன்னாராம். அவர்கள் தேசத்தில் இதற்கென்றே பள்ளிக்கூடம் உண்டு. பார்வையற்றவரையும் நாயையும் ஒரே அறையில் வாரக்கணக்கில் தங்கவைத்து, ஒருவருக்கு ஒருவர் என்று பழக்கி அனுப்புவார்கள். பட்டை ஏறினால் வேலை, இறங்கினால் விளையாட்டு. சோறு போட ஒரே கை, கூப்பிட ஒரே குரல். அந்தப் பாடத்தை நெஞ்சில் சுமந்துவந்து, ரயில்வே கேட்டருகே திரிந்த செவலைக் குட்டியை எடுத்துத் தம் ஒற்றை அறையில் ஹவில்தார் அந்தப் பள்ளிக்கூடத்தை நடத்தினார். வாத்தியாரும் அவர்தான், படிக்கிறவரும் அவர்தான். நாயின் பெயரை எவருக்கும் சொல்லவில்லை. குனிந்து அதன் காதுக்குள் மட்டும் சொல்வார்.

இத்தனை பாடும் மனைவிக்காக. அவளை மாமனார் விழுப்புரத்துக்கு அழைத்துப் போயிருந்தார். "ஒருத்தன் கையப் புடிச்சிக்கினு வர்ற ஆளுக்கு எம்பொண்ண எப்பிடி அனுப்புறது? தனியா வந்து நிக்கட்டும், அனுப்புறேன்" என்று சொல்லியிருந்தார்.

"பொண்டாட்டியக் கூட்டியார நாயக் கூட்டிக்கினு போறியே ஹவில்தாரு" என்று போர்ட்டர் சீண்டுவார்.

"நீ வந்தா எவன் மூட்டைன்னு பாப்ப. இது வழியப் பாக்கும்" என்பார் இவர்.

புறப்பட்ட அன்று என்னையும் அழைத்தார். "தம்பி, பின்னாலயே வந்துக்கினு இரு. நான் வுழுந்தாலும் தொடாத." நாய்களை ரயிலின் கடைசியில் இருக்கும் கார்டு வண்டியில்தான் ஏற்ற வேண்டும். கார்டிடம் கெஞ்சி, எங்கள் பெட்டியில் ஹவில்தாரின் காலடியிலேயே படுக்கவைத்தேன். வழிநெடுக ஜன்னலில் நிலக்கடலை விளைந்த மல்லாட்டைக் கொல்லைகள் ஓடின. அவர் சவரம் செய்த முகத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டார்.

விழுப்புரத்தில் இறங்கியதும் கைப்பிடி இறுகியது. நாய் அழகாக நடந்தது. தூணை விலக்கிற்று, தள்ளுவண்டிக்கு நின்றது. ஆனால் அது உச்சிவேளை. புதுச்சேரி வண்டிக்குக் காத்திருந்த குடும்பங்கள் பிளாட்பாரம் முழுக்கக் கட்டுச்சோற்றைப் பிரித்திருந்தன. "வாயில்லா சீவன், பாத்துக்கினு நிக்குது. ஒரு வாய் போட்டுட்டுத் துன்னு, இல்லன்னா வவுறு வலிக்கும்" என்றாள் ஒருத்தி, மகனிடம். புளிச்சோற்று உருண்டை வந்து விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. நாய் பார்த்தால் கண்படும் என்று எல்லாருக்கும் பயம். அங்கே நின்ற மனிதனின் கண்களுக்கு யாரும் பயப்படவில்லை.

கைப்பிடி விரல்களிலிருந்து நழுவியது. அவர் காற்றைத் துழாவினார். பிறகு, இத்தனை நாள் காதுக்குள் மட்டும் சொன்னதை ஊரறியக் கத்தினார்: "முத்து!"

அவ்வளவுதான். "முத்து, இந்தா!" "முத்து, இங்க வா!" பிளாட்பாரமே அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. அன்பாகத்தான் கூப்பிட்டார்கள். அது ஒவ்வொருவரிடமும் வாலாட்டிக்கொண்டு போயிற்று.

"தம்பி, இருக்கியா?"

"இருக்கேன் அண்ணே. மாமனார் வீடு எதிர்த் தெருதானே? முனை வரைக்கும் நான் கையப் புடிச்சிக்கிறேன்."

"வாணாம். அப்புறம் அவரு சொன்னது சரியாப் பூடும்."

திரும்புகிற வண்டி வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என் பொட்டலத்தைப் பிரித்தேன். நாய் வந்து நின்றது. காகிதத்தின் சத்தத்தை அவர் கேட்டிருக்க வேண்டும். "போடு தம்பி. இனிமே என்னா" என்றார்.

வருஷங்கள் பல ஓடிவிட்டன. இப்போது நான் தனியாள். எந்த ஊர்ப் பிளாட்பாரத்தில் பொட்டலம் பிரித்தாலும் எதிரே ஒரு நாய் வந்து நின்றுவிடுகிறது. ஒரு வாய் போட்டுவிட்டுத்தான் சாப்பிடுகிறேன். போடாமல் இருக்க என்னாலும் முடிவதில்லை.

அன்று திண்டிவனத்தில் இறங்கி நடந்தபோது முத்து முன்னால் போயிற்று. ரயில்வே கேட் வந்ததும், பழக்கியபடியே நின்றது. தண்டவாளத்தை இரு பக்கமும் பார்த்தது. பிறகு கழுத்தைத் திருப்பி, பிடிக்க வேண்டிய கைக்காகக் காத்திருந்தது. அந்தக் கை என் கைக்குள் இருந்தது.