தலையில் எண்ணெய் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை

விமானப்படையில் இருபது வருடம் நான் பார்த்த வேலை ஆக்சிஜன் சம்பந்தப்பட்டது. விமானியின் முகமூடிக்குப் போகிற குழாய், உருளை, அழுத்தமானி எல்லாவற்றையும் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். எதையும் சந்தேகப்படத் தெரிந்தவன்தான் அந்த வேலையில் நிலைப்பான். ஓய்வு பெற்று தில்லியில் துவாரகா பகுதியில் குடியேறிய பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, மறுபடி போய்ப் பார்ப்பேன்.

அதனால், "இந்த வலிக்கு ஆக்சிஜன் கொடுத்துப் பாக்கிறாங்களாம்" என்று என் மனைவி போனை நீட்டியபோது நான் மூக்குக் கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை.

அவளுக்கு எண்டோமெட்ரியோசிஸ். கருப்பைக்குள் இருக்க வேண்டியதைப் போன்ற திசு வெளியே சினைப்பையிலும் குடலிலும் ஒட்டி வளர்கிற நோய். அதன் பெயர் எங்களுக்குத் தெரிந்தே மூன்று வருடம்தான் ஆகிறது; வலி கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருக்கிறது. மாதத்தில் நாலைந்து நாள் முழங்காலை மடக்கிக்கொண்டு கட்டில் ஓரத்தில் கிடப்பாள். ஹார்மோன் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. ஆபரேஷன் என்றால் பயம்.

"ஒரு தடவை போய்ப் பாக்கலாங்க. பாக்கிறதுல என்ன?" என்றாள். போனோம்.

தெற்கு தில்லியில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடி. சுவரில் அங்கே குணமாகும் நோய்களின் பட்டியல்: சர்க்கரைப் புண், மூட்டுவலி, முடி கொட்டுதல், ஞாபக மறதி, முகப் பொலிவு. கடைசியில் எண்டோமெட்ரியோசிஸ். அதை மட்டும் வேறு தாளில் அச்சடித்து அடியில் ஒட்டியிருந்தார்கள்.

உள்ளே ஆள் நீளத்துக்கு ஒரு நீலப் பை, ஜிப் வைத்தது. அதற்குள் படுக்க வைத்து, காற்றை அடைத்து அழுத்தத்தைக் கூட்டி, மாஸ்க் வழியாக ஆக்சிஜன் கொடுப்பார்களாம். வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் இந்தியில் ஒப்பித்தாள். எவ்வளவு அழுத்தம் என்று கேட்டேன். டாக்டர் செட் பண்ணி வைத்தது என்றாள். டாக்டர் எங்கே என்றேன். ஆன்லைனில் வருவார் என்றாள். அப்புறம் என் மனைவியைப் பார்த்து, "அங்கிளுக்கு ரொம்ப டென்ஷன்" என்று சிரித்தாள்.

நான் குனிந்து அழுத்தமானியைப் பார்த்தேன். பை காலியாகச் சுருங்கிக் கிடந்தது. ஆனால் முள் பூஜ்யத்துக்கு வரவில்லை, சற்று மேலேயே நின்றது. கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்று ஒட்டியிருக்க வேண்டிய சீட்டும் இல்லை.

அதற்குள் என் மனைவி செருப்பைக் கழற்றி, வளையலையும் கழற்றி, பையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அன்று காலை தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிப் பின்னியிருந்தாள். செயற்கைப் பட்டுச் சேலை. கைப்பைக்குள் போன். இதைப் பற்றியெல்லாம் அந்தப் பெண் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆக்சிஜன் இருக்கிற இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒரு சின்னப் பொறியே தீப்பிடிக்கப் போதும் என்று எங்கள் பிரிவில் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். கையைக் கழுவாமல் குழாயைத் தொட முடியாது.

"எந்திரி. போலாம்" என்றேன்.

அவள் உடனே எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, வளையல்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள்.

வழியில், நம்மூர்ச் சாமான் கிடைக்கிற ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இறங்கினோம். இட்லி அரிசியும் அப்பளமும் வாங்கிக்கொண்டு வெளியே ஒரு மேடையில் உட்கார்ந்தோம். நான் எண்ணெய், முள், சீட்டு என்று விளக்கிக்கொண்டே இருந்தேன்.

"நீங்க சொல்றது சரிதான். அந்த இடம் எனக்கும் பிடிக்கல" என்றாள். "ஆனா என் வலி மாத்திரை அட்டையையும் இப்படித்தானே எண்ணுனீங்க?"

நான் அப்பளக் கட்டை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? ஜோத்பூர் குவார்ட்டர்ஸ்ல இருந்தப்பலேர்ந்து எண்ணுனீங்க. நெசமாவே வலி இருந்தா எத்தனை போட்டிருப்பான்னு கணக்குப் பாத்தீங்க. உங்க தங்கச்சி கல்யாணத்துக்கு நான் வரலன்னதும் அதைத்தான் செஞ்சீங்க."

உண்மைதான். அலமாரியைத் திறந்து எண்ணினேன். இரண்டு மாத்திரைதான் குறைந்திருந்தது. அப்படியென்றால் அவ்வளவு வலி இல்லை, என் வீட்டாரிடம் வர மனமில்லை என்று முடிவு கட்டினேன். அந்த மாத்திரையைப் போட்டால் அவளுக்கு வாந்தி வரும், அதனால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள் என்பது பின்னால்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் நான் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை.

"தப்புதான்" என்றேன். அவள் அரிசிப் பையை என்னிடம் கொடுத்துவிட்டு மெட்ரோ பக்கம் நடந்தாள்.

அடுத்த வாரம், நோயின் பெயரை முதலில் கண்டுபிடித்துச் சொன்ன டாக்டரம்மாவிடமே போனோம். வலி எப்போது அதிகம் என்று அவர் கேட்டதும் பழக்கத்தில் நான் வாயைத் திறந்தேன். "நான் அவங்களைத்தான் கேட்டேன்" என்றார்.

நீலப் பையைப் பற்றிச் சொன்னோம். மோசடி என்று அவர் ஒரு வார்த்தை சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன்.

"நானும் படிச்சேன்" என்றார். "அந்தத் திசு ஆக்சிஜன் குறைவான சூழல்ல வளருதுங்கிறதால வந்த யோசனை. எலிகள்கிட்ட நல்ல அறிகுறி தெரிஞ்சிருக்கு. மனுஷங்களுக்கு உதவுமா, எனக்குத் தெரியாது. தெரியும்னு சொல்றவங்ககிட்டப் போகாதீங்க."

எனக்கு அது பாதி ஏமாற்றம். என் மனைவிக்கு அவர் தெரியாது என்று சொன்னதே பிடித்துப்போயிற்று. அந்த அறையிலேயே, ஆபரேஷனுக்குச் சம்மதம் என்றாள்.

குளிர்காலத்தில், வயிற்றில் சிறு துளை போட்டுச் செய்கிற லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் நடந்தது. உள்ளே எடுத்த படங்களைப் பிறகு காட்டினார்கள். சினைப்பையும் குடலும் பசை போட்டதுபோல் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அங்கங்கே கருநீலப் புள்ளிகள். போதும் என்று டாக்டரம்மா வாங்கும்வரை நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வலி குறைந்திருக்கிறது, போகவில்லை. சில மாதம் ஒரு நாளோடு விடுகிறது, சில மாதம் மூன்று நாள் படுத்துவிடுகிறாள். ஆறாத புண்ணுக்கும் மற்றவற்றுக்கும் இரும்பு அறை வைத்து முறையாக ஆக்சிஜன் கொடுக்கிற ஒரு மருத்துவமனைக்கு, என்னிடம் சொல்லாமலே, அவள் போன் செய்திருக்கிறாள். இந்த நோய்க்கு நாங்கள் கொடுப்பதில்லை, ஆராய்ச்சி ஏதாவது ஆரம்பித்தால் கூப்பிடுகிறோம் என்றார்களாம்.

"கூப்பிட்டா போவியா?" என்று கேட்டேன்.

"போவேன்" என்றாள். எனக்கு அந்தச் சிகிச்சையில் இன்னும் நம்பிக்கை வரவில்லை. அதையும் அவளிடம் சொன்னேன். "சரி" என்று மட்டும் சொன்னாள்.