கொடியின் இன்னொரு முனை

நான் குடியிருக்கும் நார்வே ஊரில் வீட்டுக்கு வீடு கொடிக்கம்பம் உண்டு. சென்னையில் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி தண்ணீர்த் தொட்டி நிற்பதுபோல், அங்கே தோட்டத்துக்குத் தோட்டம் வெள்ளையடித்த கம்பம். கொடிநாள் என்றால் காலையில் ஏற்றுவார்கள். கோடையில் ஒன்பது மணிக்கு, வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருக்கும்போதே இறக்கிவிடுவார்கள். அந்த நேரத்தில் என் வீட்டு அழைப்புமணி அடிக்கும். பக்கத்து வீட்டுப் பெண்மணி இங்குன் நிற்பார். எழுபது வயது, தனியாள். கொடி தரையில் படக் கூடாது, மடிக்க இன்னொரு ஆள் வேண்டும். அந்த இன்னொரு ஆள் நான். பத்து வருடமாக அவர் தோட்டத்தில் கொடியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். என் முனை நழுவித் தரையில் பட்டுவிடுமோ என்று இன்னும் ஒவ்வொரு தடவையும் பயம்தான்.

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் என்னிடம் வீரத்தை எதிர்பார்க்க மாட்டீர்கள். அந்த ஊருக்குப் போன முதல் மே மாதம் பதினேழாம் தேதி. அவர்களுடைய தேசிய நாள் அது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. காலை ஏழு மணிக்குத் துறைமுகப் பக்கமிருந்து பீரங்கிச் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கு வயது மகனைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். அரை மணி கழித்துக் கதவு தட்டும் சத்தம். பாஸ்போர்ட்டையும் குடியிருப்பு அட்டையையும் கையில் நீட்டிக்கொண்டே திறந்தேன். இங்குன்தான். பூனாட் என்கிற கம்பளி உடுப்பும் வெள்ளித் தோடுமாக, மகனுக்கு ஒரு சின்னக் காகிதக் கொடி கொண்டுவந்திருந்தார். நான் நீட்டிய பாஸ்போர்ட்டை மரியாதைக்கு வாங்கிப் பார்த்து, "போட்டோ நன்றாக இருக்கிறது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதுதான் சுலபமாக இருந்தது.

மீன் பதனிடும் நிறுவனம் ஒன்றில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. குளிர்சாதனக் கிடங்குகளைப் பார்க்க நாடு நாடாகப் போக வேண்டும். என் ராசியோ என்னவோ, போகிற இடத்திலெல்லாம் அன்றைக்குத் தேசிய நாளாக இருக்கும். பாரிஸில் தலைக்கு மேல் மூவண்ணப் புகை விட்டபடி போர் விமானங்கள் போனபோது நான் காபிக்கடை மேசைக்கு அடியில் இருந்தேன். சிங்கப்பூரில் ஆகஸ்ட் ஒன்பதன்று சிவப்புச் சட்டைக் கூட்டத்தில் சாம்பல் நிறச் சேலையோடு மாட்டிக்கொண்டேன். "அக்கா, நீங்க எந்தப் பக்கம்?" என்று வழிகாட்டும் தம்பி ஒருவர் நல்ல தமிழில்தான் கேட்டார். ரயில் நிலையத்தின் எந்த வாசல் என்று கேட்கிறார். நானோ கைப்பையில் பாஸ்போர்ட்டைத் தேடினேன். சுற்றுலா வந்தவர்கள் இந்த நாட்களைக் கொண்டாட்டமாகப் பார்க்கிறார்கள், கொடி வாங்குகிறார்கள், கன்னத்தில் வர்ணம் பூசிக்கொள்கிறார்கள். எனக்கு மட்டும், மற்ற நாட்களில் யாரும் கேட்காத ஒரு கேள்வியை அன்றைக்கு ஊரே சேர்ந்து என்னைப் பார்த்துக் கேட்பதுபோல் இருக்கும்.

இந்தப் பயத்துக்கு ஒரு நாள் காரணமும் கிடைத்தது. நாட்டின் பெயர் வேண்டாம். தங்கும் அனுமதி முடிகிற நாளன்று காலையில் போய் நீட்டித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அன்று அவர்களுடைய தேசிய தினம், அலுவலகம் விடுமுறை. பேசாமல் ஊர் திரும்பிவிடலாம் என்று மறுநாள் விமான நிலையத்துக்குப் போனபோது ஓர் அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். ஒன்பது மணி நேரம். யாரும் திட்டவில்லை, மிரட்டவில்லை, என் நீலப் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். விடுமுறை இன்னும் முடியாததால் வெளியே வாணவேடிக்கை. ஒவ்வொரு வெடிக்கும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மகனை இனிப் பார்ப்பேனா என்று நினைத்தேன். கடைசியில் விட்டுவிட்டார்கள். நார்வே திரும்பிய வாரமே அங்கேயே குடியுரிமைக்கு விண்ணப்பித்தேன். ஆசையால் இல்லை, பயத்தால். இரண்டு நாட்டுக் குடியுரிமையை நம் சட்டம் ஒப்புக்கொள்ளாது என்பது உங்களுக்குத் தெரியும். என் பழைய பாஸ்போர்ட்டை மூலை கத்தரித்து, ரத்து முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார்கள்.

இதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. மூன்று வருடம். சென்னை அபிராமபுரத்தில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட அடுக்ககம் எங்களுடையது. அப்பாதான் சங்கச் செயலாளர், தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு அந்தச் சங்கம்தான் அவருக்கு எல்லாம். பன்னிரண்டில் ஒன்பது வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில். ஒவ்வொருவராக அந்தந்த நாட்டுக்காரர்களாக மாற, அப்பா மட்டும் மாலையில் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "என் பொண்ணு இன்னும் நம்ம பாஸ்போர்ட்தான் வச்சிருக்கா" என்பார். அவர் பெருமையடிக்கிற ஒரே விஷயம் அது. பொங்கலுக்கு நான் வந்தபோதுகூடப் பக்கத்தில் என்னை நிற்க வைத்துக்கொண்டே சொன்னார். நான் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றேன்.

இந்த வருடம் ஆகஸ்டில் விடுமுறை கிடைத்து, பதின்மூன்றாம் தேதி நான் மட்டும் வந்து இறங்கினேன். லிஃப்ட் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அப்பாவின் கையெழுத்து, சிவப்பு மசியில் அடிக்கோடு. சுதந்திர தினக் கொடியேற்றம், எங்கு வாழ்ந்தாலும் இந்தியராகவே வாழும் எங்கள் மகள், என்று போட்டு என் பெயர். லிஃப்ட் மேலே போய்க்கொண்டிருந்தது. எங்கள் மாடி வந்த பிறகும் இறங்காமல் அதையே படித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் மதியம், "கொடி தேய்ச்சாச்சான்னு பாரு" என்று அப்பா அனுப்பினார். வாசல் மரத்தடியில் செல்வியின் அயன் வண்டி. நொச்சிக்குப்பத்திலிருந்து தினம் வருகிறவர், கரிப்பெட்டிதான் இன்னும். கொடியை விரித்துப் போட்டு, மேலே ஒரு வெள்ளை வேட்டியைப் பரப்பித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா, நீதான் நாளைக்கு கொடி ஏத்தப் போறியாமே? சார் சொல்லிக்கினு கீறாரு."

"நீ பார்க்க வருவியா, செல்வி?"

"எங்கக்கா! பன்னெண்டு வருசமா நான்தான் தேச்சுக் குடுக்குறேன். மேல போறத ஒரு தபா கூடப் பாத்ததில்ல. அன்னிக்குன்னு பாத்து அல்லாருக்கும் வெள்ளைச் சட்டை வேணுமே." சிரித்துக்கொண்டே கொடியை மடித்து என் கையில் வைத்தார். சூடாக இருந்தது. அதை ஏந்திக்கொண்டு படியேறும்போது இனி மறைக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. பொய்யை மனதில் வைத்திருப்பது வேறு, கம்பத்தின் உச்சிக்கு ஏற்றுவது வேறு.

அப்பா சாப்பாட்டு மேசையில் காத்திருந்தார். மாட வீதியில் வாங்கிய உதிரி ரோஜா ஒரு தட்டில். இதழ்களை உள்ளே வைத்துக் கொடியைப் பொட்டலமாக மடித்து, கீழே இருந்து ஒரு சுண்டு சுண்டினால் அவிழும்படி முடிச்சுப் போட வேண்டும். இறுக்கினால் அவிழாது, தளர்த்தினால் ஏறும்போதே அவிழ்ந்துவிடும். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"அப்பா, நான் கொடி ஏத்தக் கூடாது."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

இந்தத் தடவை ஆமாம் என்று சொல்லவில்லை. கைப்பையிலிருந்து மூலை கத்தரித்த பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். வெட்டுப்பட்ட மூலையைக் கட்டைவிரலால் தடவினார்.

"எப்போ?"

"மூணு வருஷம் ஆச்சுப்பா."

"அப்ப, கீழ எல்லார்கிட்டயும் நான் சொல்லிக்கிட்டு இருந்தது?"

அவர் பாஸ்போர்ட்டை மூடினார். "எதுக்கும்மா?" என்றார். பயம் என்றேன். அந்த அறையைப் பற்றி, ஒன்பது மணி நேரத்தைப் பற்றி முதல் முறையாகச் சொன்னேன்.

"அங்க உறுதிமொழி எடுக்கச் சொல்வாங்களே, எடுத்தியா?"

"அதுக்கு ஒரு விழா வைப்பாங்கப்பா. கட்டாயம் இல்ல. நான் போகல."

"ஏன்?"

"அதுவும் பயம்தான்."

"அங்கயும் சொல்லல, இங்கயும் சொல்லல" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு, இதழ்களை அள்ளிக் கொடிக்குள் வைத்து மடிக்கத் தொடங்கினார்.

காலை எட்டு மணிக்கு எல்லோரும் கீழே கூடினோம். அப்பா மைக்கைப் பிடித்தார். ஏதாவது சாக்குச் சொல்லி மழுப்பிவிடுவார் என்று ஒரு நப்பாசை. ஆனால் அவர் தபால் துறை ஆள், விலாசம் தப்பாக இருந்தால் திருத்திவிட்டுத்தான் அடுத்த வேலை.

"நோட்டீஸ்ல ஒரு தப்பு நடந்துபோச்சு. தப்பு என்னோடது. என் மகள் மூணு வருஷமா நார்வே நாட்டுக் குடிமகள். இன்னைக்கு நம்ம விருந்தினரா வந்திருக்காங்க."

கூடியிருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய ஒரே பெருமையை அவர் வாயாலேயே பறித்துவிட்டேன். பிறகு அவர் வாசல் பக்கம் திரும்பி, செல்வியைக் கொடியேற்றக் கூப்பிட்டார்.

"ஐயோ சார், நானா? பொட்டில கரி எரிஞ்சிக்கினு கீது சார்!"

"அது எரியட்டும், நீ வா."

செல்வி கயிற்றை இழுத்தார். பொட்டலம் உச்சிக்குப் போய் நின்றது. சுண்டினார், அவிழவில்லை. மறுபடி சுண்டினார், அவிழவில்லை. அப்பாவின் முடிச்சு வாழ்க்கையில் முதல் முறையாக இறுகியிருக்கிறது, அது என்னால்தான் என்று எனக்குத் தெரியும். செல்வி புடவையை இடுப்பில் செருகி, ஈரத் துணியை உதறுகிற மாதிரி ஓர் உதறு உதறினார். இதழ்கள் அவர் தலையில் கொட்டின. எல்லோரும் தேசிய கீதம் பாடினார்கள். வாயைத் திறப்பதா வேண்டாமா என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போதே குரல் தானாக வந்துவிட்டது. பக்கத்தில் யார் காதிலும் விழாதபடி மெதுவாகப் பாடி முடித்தேன்.

என்னை முதல் வரிசை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அப்பா காகிதத் தட்டில் கேசரி கொண்டுவந்து நீட்டி, "எடுத்துக்கோங்க" என்றார். பிறந்ததிலிருந்து அவர் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. அந்த அறையில்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்ததில்லை. அங்கே திரும்பிப் போக ஓர் இடம் இருந்தது.

விருந்தாளிக்கு இனி இங்கே என்ன வேலை என்று மாலை ஐந்தரை மணிக்கு நான் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தேன். இரவும் பகலும் கொடியைப் பறக்க விடலாம் என்று இப்போது விதி வந்துவிட்டது, அப்பாவுக்கு மட்டும் பழைய விதிதான், சூரியன் மறைவதற்குள் இறக்கியாக வேண்டும். அறை வாசலில் வந்து நின்றார்.

"செல்வி கிளம்பிட்டா. கொடி மடிக்க ஆள் இல்ல. வா, வந்து புடி."

ஓடினேன். அவர் இறக்க, நான் தரையில் படாமல் கையில் வாங்கினேன். ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நின்றோம். காவியும் பச்சையும் அடியில் போக, வெள்ளை மேலே.

"நல்லா புடிக்கிறியே. யார் சொல்லிக் குடுத்தா?"

"அங்க பக்கத்து வீட்டம்மா. அவங்க கொடிக்கும் ரெண்டு பேர் வேணும்ப்பா."

"நீதான் புடிப்பியா?"

"ஆமாம்ப்பா."

இரண்டு முனையிலிருந்தும் நடுவே சக்கரத்தை நோக்கி மடித்துக்கொண்டே வர வேண்டும். அவர் ஒரு மடிப்பு, நான் ஒரு மடிப்பு, அவர் ஓர் அடி, நான் ஓர் அடி. கடைசி மடிப்பில் என் கட்டைவிரல் துணிக்குள் மாட்டிக்கொண்டது. எடுத்தால் மடிப்பு கலைந்துவிடும் என்று பயம்.

"இருக்கட்டும், அவசரம் இல்ல" என்றார் அப்பா. கொடிக்கு அடியில் அவர் கையும் என் கையும் இருந்தன. அவர் இழுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.