ஒரே ஒரு சௌக்கியம்

“மாடு கன்னு போட்டுடுச்சா?” என்று டெலிபோனின் மறுமுனை கேட்கிறது. சாய்கல் இடது கையிலிருக்கும் ஸ்டாப்வாட்சைப் பார்க்கிறாள். ஐம்பத்தெட்டு விநாடி. விசாரிப்பில் இன்னும் குதிரை வரவில்லை, மாமியாரின் முழங்கால் வரவில்லை, போன வாரம் காதுவலி என்று படுத்திருந்த கொழுந்தன் மகன் வரவில்லை. “போட்டுடுச்சு அக்கா, கிடேரி. உங்க வீட்ல எல்லாரும் சௌக்கியமா?” என்று தானும் கேட்டுவிட்டு, கேட்ட வாயைக் கையால் பொத்திக்கொள்கிறாள்.

மலைகளுக்கு நடுவே இருக்கும் ஆக்-கெச்சூ வட்டார ஆஸ்பத்திரியின் டெலிபோன் மேசை அவளுடையது. பேரிடர் ஆயத்தப் பொறுப்பும் அவளுடையதே. மூன்று வருடத்துக்கு முன் தலைநகரிலிருந்து ஓர் உத்தரவு வந்தது: பூமி அதிர்ந்தாலும், மலை சரிந்தாலும், பஸ் உருண்டாலும், ஒரே நேரத்தில் ஐம்பது பேர் அடிபட்டு வந்து விழுந்தால் சமாளிக்க ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தயாராக இருந்தாக வேண்டும், அதற்கென்று ஓர் ஆளையும் நியமித்தாக வேண்டும். தலைமை மருத்துவர் அதை வாசித்துவிட்டு நிமிர்ந்தபோது கூட்டத்தில் அத்தனை பேரும் குனிந்திருந்தார்கள். சாய்கல் மட்டும் எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டு நின்றிருந்தாள். “நின்னது தப்பாப் போச்சு. உக்காந்துகிட்டு ஊத்தியிருக்கணும்,” என்று இன்றுவரை சொல்கிறாள்.

வயது ஐம்பத்திரண்டு. பொறுப்போடு சேர்த்து அவளுக்கு வந்த பளபளக்கும் ஆரஞ்சுச் சட்டை யாரோ மெலிந்த ஆளுக்காகத் தைத்தது. முன்பக்கம் பொத்தான் எட்டாது. மேசைக்கடியில் ஓர் அவசரப் பை: டார்ச், விசில், கட்டுத்துணி, தண்ணீர், இரண்டு பொட்டலம் பிஸ்கட். பிஸ்கட்டை மட்டும் மாதாமாதம் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. “நிலநடுக்கம் வர்ற வரைக்கும் எனக்குப் பொறுமை கிடையாது,” என்பாள், உதட்டோரத்துத் துகளைத் துடைத்துக்கொண்டே.

அவள் கணவன் எர்மெக் அதே ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். “உன்ன நம்பி மலை இடிஞ்சு விழணுமாக்கும்!” என்று கேலி செய்வான். “விழட்டும், விழட்டும். விழுந்தாலாவது என் காகிதத்த யாராவது படிப்பாங்க,” என்று இவள் திருப்பிக் கொடுப்பாள்.

காகிதம் என்றால் அழைப்புச் சங்கிலி. ஆபத்து என்று தகவல் வந்ததும் சாய்கல் மூன்று பேரைக் கூப்பிடுவாள். அவர்களில் தலைமை நர்ஸ் மூன்று பேரை, அந்த மூவரும் ஆளுக்கு மூன்று பேரை என்று போய், பத்தொன்பது பேரும் அரைமணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி முற்றத்துக்கு வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஓர் அழைப்புக்கு நாற்பது விநாடி என்று தலைநகரத்து மாதிரிப் படிவத்தில் போட்டிருந்தது. நாற்பது விநாடி! அதை எழுதிய மகராசன் நம் ஆட்களிடம் ஒருமுறையாவது டெலிபோனில் பேசியிருப்பானா? நாற்பது விநாடியில் நாம் ஆட்டைக்கூட விசாரித்து முடித்ததில்லை.

முதல் ஒத்திகை ஒரு மணி நாற்பது நிமிடம் எடுத்தது. “ஆத்தோரம் பஸ் கவுந்துடுச்சு, பயிற்சி, வாங்க” என்று கிளம்பிய செய்தி, ஏழு வீட்டு நலம் விசாரிப்புகளுக்குள் புகுந்து வெளியே வந்தபோது, சாய்கல் வீட்டில் விருந்து என்று மாறியிருந்தது. எக்ஸ்ரே எடுக்கும் தோக்தோசுன் கோட்டு மாட்டி, மனைவியைக் கூட்டிக்கொண்டு, ஒரு பை ஆப்பிளோடு வந்து சேர்ந்தான். அவனைத் திருப்பி அனுப்ப மனம் வராமல் அவள் டீ போட்டுக் கொடுத்தாள்.

இரண்டாவது ஒத்திகைக்கு விதியைக் கடுமையாக்கினாள். நலம் விசாரிக்கவே கூடாது. விஷயத்தைச் சொல், வை. இது முதலாவதைவிட மோசமாகப் போனது. நம்மிடையே நலம் விசாரிக்காமல் பேச்சைத் தொடங்குகிறவர் சாவுச் செய்திதான் கொண்டு வருவார். மயக்க மருந்து கொடுக்கும் ஷெர்அலியின் மனைவி டெலிபோனை எடுத்தாள், “வரச் சொல்லுங்க” என்ற இரண்டே வார்த்தையைக் கேட்டாள், அங்கேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்துவிட்டாள். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் மூன்று பேர். மற்ற பதினாறு பேரும் செத்தது யார் என்று தெரியாமல், துக்க வீட்டுக்கான ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு ஒருவர் வீட்டிலிருந்து ஒருவர் வீட்டுக்கு அலைந்தார்கள்.

பதிவேட்டில் ‘தாமதத்துக்குக் காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. சாய்கல் அதில் பொய் எழுதுவதில்லை. யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று கணக்கெடுத்தபோது முதலிடத்தில் நின்றது அவளே: தாய்மாமன் மனைவியோடு நாலு நிமிடம் பன்னிரண்டு விநாடி. கட்டத்தில் ‘நான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு அவளுக்கு ஒரு யோசனை வந்தது. ஒரே ஒரு சௌக்கியம். “சௌக்கியமா?” என்று ஒருமுறை கேட்கலாம், பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது. மரியாதையும் கெடாது, எழவும் விழாது. மாதம் ஒருமுறை பழக்கினாள். பத்தொன்பது பேரையும் தனித்தனியே உட்கார வைத்து, “கேளு, மூச்சு விடு, விஷயத்தச் சொல்லு,” என்று பாடம் நடத்தினாள். ஐம்பது நிமிடமானது, நாற்பதானது, முப்பத்துநாலில் வந்து நின்றது.

அந்தச் சமயத்தில்தான் இரண்டாவது கடிதம் வந்தது. வசந்த காலத்தில் ஆய்வுக் குழு வரும், என்றைக்கு என்று சொல்லாது. அரைமணிக்குள் ஆட்கள் கூடாத ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறை இருந்து பயனில்லை; அது அடுத்த வட்டாரத்துக்கு மாற்றப்படும். அடுத்த வட்டாரம் கணவாய்க்கு அந்தப் பக்கம். கணவாய் வருடத்தில் ஐந்து மாதம் பனியில் மூடிக் கிடக்கும். பிள்ளை வயிற்றில் குறுக்கே திரும்பிய பெண்ணை ஜனவரியில் எங்கே கொண்டுபோவது? சாய்கல் அந்தக் கடிதத்தை மேசைக் கண்ணாடிக்கடியில் வைத்தாள். அன்றைக்குக் கேலி எதுவும் பேசவில்லை. பயமாக இருக்கிறது என்று எர்மெக்கிடம் நேராகவே சொன்னாள்.

பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. சங்கிலியில் அவள் கூப்பிட வேண்டிய முதல் ஆள் அறுவை மருத்துவர் முராத்தாலி. ஊரில் கத்தி பிடிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் கையெழுத்து இல்லாமல் மற்ற பதினெட்டுக் கையெழுத்தும் வீண். அவர் சாய்கலின் சம்பந்தி. மகளைக் கொடுத்த இடம். போன இலையுதிர் காலத்து விருந்தில் மரியாதைப் பங்கான ஆட்டின் இடுப்பெலும்பு போக வேண்டிய சம்பந்திக்கு, சமையலறை அவசரத்தில் சாய்கல் தொடையெலும்பை அனுப்பிவிட்டாள். அவர் “நல்லா இருந்துச்சு,” என்று சொல்லித் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதோடு எர்மெக்குக்கும் அவருக்கும் பேச்சு நின்றது. ஒத்திகை நாட்களில் அவர் வருவார், கையெழுத்துப் போடுவார், சுவரைப் பார்த்துக்கொண்டே திரும்பிப் போவார்.

ஏப்ரல் கடைசி ஞாயிறு, காலை பத்து மணி. டெலிபோன் அடித்தது. “ஆய்வுக் குழுவிலேர்ந்து இஸ்கெந்தர் பேசறேன் அக்கா. உங்க கேட்டுக்கு வெளியிலதான் நிக்கறோம். நீங்க எடுத்ததுலேர்ந்து நேரம் ஓடுது. நல்லா இருக்கீங்களா?”

“இருக்கேன் தம்பி, சொல்லுங்க.”

“வீட்ல எல்லாரும் சௌக்கியமா? பனியெல்லாம் நல்லபடியாக் கழிஞ்சுதா? ஆடு மாடு தப்பிச்சுதா? எங்கம்மாவும் இந்தப் பக்கத்து ஆளுதான் அக்கா...”

சாய்கலின் பேனா தாளின்மேல் நின்றுவிட்டது. என்ன ஆபத்து என்று அவர் சொன்னால்தானே அவள் யாரையாவது கூப்பிட முடியும்? அவரோ அம்மாவின் ஊரிலிருந்து அம்மாவின் ரத்த அழுத்தத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். தலைநகரத்து அதிகாரி, பெரிய மனிதர், மரியாதை தெரிந்தவர். எப்படிக் குறுக்கே பேசுவது? மூன்று நிமிடம் போய்விட்டது. “தம்பி!” என்று கடைசியில் கத்தினாள். “என்ன விழுந்துச்சு, அத மட்டும் சொல்லுங்க!”

“ஓ, அதுவா? மண்சரிவு. கல்யாண பஸ். நாப்பது பேருக்கு அடி.”

அவர் காதில் ‘டக்’கென்று விழும்படி டெலிபோனை அடித்து வைத்தாள். உடனே சம்பந்தி வீட்டு எண்ணைச் சுற்றினாள். அவரே எடுத்தார். மூன்று நிமிடம் பறிபோன பதற்றத்தில், ஊருக்கெல்லாம் பாடம் நடத்திய அந்த ஒரே ஒரு சௌக்கியத்தை விழுங்கிவிட்டாள். “சம்பந்தி, உடனே வாங்க,” என்றாள், வைத்துவிட்டாள். எங்கே வர வேண்டும் என்பதையும் சொல்லவில்லை என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

பத்தாவது நிமிடத்தில் தலைமை நர்ஸ் ஓடி வந்தாள். பதினைந்தில் ஷெர்அலி. தோக்தோசுன் இந்தமுறை ஆப்பிள் இல்லாமல் வந்தான். இருபதாவது நிமிடத்தில் பதினேழு கையெழுத்து விழுந்திருந்தது. எர்மெக் இல்லை, சம்பந்தி இல்லை. இஸ்கெந்தர் முற்றத்தில் பதிவேட்டை ஏந்திக்கொண்டு நின்றார். சாய்கல் ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்தாள். இருபத்திரண்டாவது நிமிடத்தில் டெலிபோன் அடித்தது.

“ஏய் சாய்கல்,” என்றான் எர்மெக், குரலைத் தாழ்த்தி. “நம்ம வாசல்ல சம்பந்தி நின்னுகிட்டு என்னை நெனச்சு அழறாரு.”

“என்னது?”

“நான் செத்துட்டேனாம். ‘அய்யோ என் மலையே, சாஞ்சு போனியே’ன்னு நம்ம குதிரைச் சந்து முழுக்கக் கேக்கற மாதிரி அழறாரு. நான் ஒரு காலுக்கு பூட்ஸ் மாட்டிகிட்டு வெளிய வந்தேன். என்னைப் பாத்ததும் கட்டிப் புடிச்சாரு, இப்ப விட மாட்டேங்கறாரு. நீ என்னத்தடி சொன்ன அவருகிட்ட?”

“ஒண்ணும் சொல்லல,” என்றாள் சாய்கல். அழுகை வந்துவிட்டது, சிரிப்பும் வந்தது. “ஒண்ணுமே சொல்லலைங்க, அதான் வெனை! கட்டிப் புடிச்சபடியே கார்ல ஏத்துங்க! ஆபரேஷன் அறை போயிடும்னு சொல்லுங்க!”

கார் முற்றத்துக்குள் வந்தபோது இருபத்தெட்டு நிமிடம் முடிந்திருந்தது. சம்பந்தி இறங்கினார். உருளைக்கிழங்கு நட்டுக்கொண்டிருந்த கோலத்திலேயே வந்திருந்தார். முழங்கால் வரை சேறு, கண் ரெண்டும் சிவப்பு. ஏழு மாதமாகத் தெருவில் எதிரெதிரே வந்தால் ஆகாயம் பார்த்துப் போன மனிதர், ஒரு கையால் எர்மெக்கின் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார். ஒற்றை பூட்ஸோடு நொண்டிக்கொண்டே எர்மெக் முதலில் கையெழுத்துப் போட்டான். பேனா சம்பந்தியின் கைக்கு வந்தது.

அவர் நிமிர்ந்தார், சாய்கலைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. “இப்படியா சம்பந்தி பயமுறுத்தறது? என் உசுரே போயிடுச்சு. சரி, போகட்டும். நீங்க நல்லா இருக்கீங்களா? வீட்டுப் பெரியவங்க எப்படி இருக்காங்க? பேசி எத்தன மாசமாச்சு!” பேனா தாளுக்கு ஒரு சாண் மேலே அந்தரத்தில் நின்றது. பக்கத்தில் இஸ்கெந்தர் ஒவ்வொரு கேள்விக்கும் திருப்தியோடு தலையாட்டினார். அவர் கையிலிருந்த கடிகாரம் இருபத்தொன்பதைத் தாண்டி ஓடியது. பதில் சொல்லச் சாய்கலின் வாய் தன்னால் திறந்தது. பேசாதிருந்த சம்பந்தி வாய் திறந்து கேட்கிறார். எப்படிச் சொல்லாமல் இருப்பது?

திறந்த வாயை மூடிக்கொண்டு, ஊர் பார்க்க, அதிகாரி பார்க்க, சம்பந்தியின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். முதல் வகுப்புப் பிள்ளையின் கையைப் பிடிப்பதுபோலப் பேனாவோடு சேர்த்துப் பிடித்து, கையெழுத்துக் கட்டத்தின்மேல் வைத்து அழுத்தி, அவர் பெயரின் முதல் எழுத்து தாளில் விழும்வரை விடவில்லை.