மேடம் வேஷம்

அடி வாங்கினதைப் பத்திக் கேட்க நிறைய பேர் வந்தாங்க. நான் அடிச்சதைப் பத்தி நானாத்தான் சொல்லணும்.

எனக்குக் கோவம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது, பொறந்த குணம். குவைத்துல ஒரு வீட்டுல ரெண்டு வருஷம் வேலை செஞ்சப்போ அந்தக் கோவத்தை எங்க ஒளிச்சு வச்சிருந்தேனோ தெரியல. மேடம் இஸ்திரிப் பெட்டியை என் முழங்கையில வச்சு அழுத்தினப்பகூட வாயைப் பொத்திக்கிட்டுத்தான் அழுதேன். கதவு திறந்து கிடந்த ஒரு மத்தியானம், போட்ட துணியோட ஓடி வந்துட்டேன். பாஸ்போர்ட் அங்கேயே போச்சு.

அப்படி ஓடி வந்த பொம்பளைங்களை வச்சிருக்க குவைத்துலயே அப்பாசியாங்கிற ஏரியாவுல ஒரு ஹால் இருந்துச்சு. நம்ம ஊர்க்காரங்க சிலர் சேர்ந்து நடத்தினாங்க. இருபது பேர், இருபது மெத்தை, பாஸ்போர்ட் கேஸ் முடியற வரைக்கும் சோறு. ஒரே ஒரு சட்டம்: கை நீட்டினா அன்னைக்கே வெளியே. வெளியேன்னா என்னன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். பேப்பர் இல்லாம தெருவுல நின்னா போலீஸ் பிடிக்கும், விசா போட்டுக் கூப்பிட்ட கபீலுக்குப் போன் பண்ணும். அவன் வண்டியை எடுத்துக்கிட்டு வருவான். திரும்ப அதே வீடு, அதே மேடம். செத்தாலும் அங்க போகக்கூடாதுன்னுதான் நான் அந்த ஹால்ல வாயை மூடிக்கிட்டுக் கிடந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில ஒரு நர்ஸ் வருவாங்க, மதுரைப் பக்கம். இருக்கிற ஒரு லீவு நாளையும் எங்களுக்குக் கொடுத்தாங்க. டீச்சர்னுதான் கூப்பிடுவோம். ஆஸ்பத்திரி கிளீனிங் வேலைக்கு ஆள் எடுக்கிற கம்பெனிங்க இருக்கு, தரை துடைக்கிற முறையும் நாலு வார்த்தை இங்கிலீஷும் தெரிஞ்சா கேஸ் முடிஞ்சதும் விசா மாத்தி எடுத்துக்குவாங்கன்னு சொன்னாங்க. ரெண்டையும் சேர்த்தே நடத்துவாங்க. எங்க எல்லார் கையிலயும் மாப்பு இருக்கும், வாயில இங்கிலீஷ் இருக்கும்.

அன்னைக்கு ஒரே வரிதான். "திஸ் இஸ் நாட் மை டூட்டி, மேடம்." இது என் வேலை இல்ல மேடம். ஒருத்தி வாயிலயும் வரல. வார்த்தை கஷ்டமில்ல, மேடம்னு ஒருத்தியை நினைச்சாலே எங்களுக்கு நாக்கு உள்ள போயிடும். டீச்சர் பார்த்துட்டு, நாடகம் மாதிரி செஞ்சு பார்ப்போம்னாங்க. ரெண்டு ரெண்டு பேரா, ஒருத்தி மேடம், ஒருத்தி வேலைக்காரி. எனக்கு ஜோடி பக்கத்து மெத்தைக்காரி, மட்டக்களப்புப் பொண்ணு. வந்த நாள்ல இருந்து என் முழங்கைப் புண்ணுக்கு மருந்து போட்டுவிட்டவ அவதான்.

"நீங்க மேடம். நல்லா அதட்டுங்க"ன்னு டீச்சர் என்கிட்ட சொன்னாங்க. "இவளுக்கு அதட்டச் சொல்லித் தரணுமாக்கும்"னு ஒருத்தி கிண்டல் பண்ணா. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். மாப்பை அவ பக்கம் நீட்டி, "யல்லா, போய்க் காரைக் கழுவு"ன்னேன்.

"சாரி மேடம்"னா அவ.

மறுபடி சொன்னேன். மறுபடியும் சாரி. தோளை ஒடுக்கி, தலையைக் குனிஞ்சு. டீச்சர் அந்த வரியை எடுத்துக் கொடுத்தாங்க. அவ "சாரி, சாரி"ன்னா.

நான் ரெண்டு வருஷமா சொன்ன அதே சாரி. அதைச் சொல்லச் சொல்ல மேடத்துக்கு ஏன் வெறி ஏறும்னு எனக்குப் புரிஞ்சதே இல்ல. அன்னைக்குப் புரிஞ்சுது. அது புரிஞ்சுதேங்கிறதைத்தான் என்னால இன்னைக்கும் தாங்க முடியல. அந்தக் குனிஞ்ச தலையைப் பார்க்கப் பார்க்க உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. "மாபி முக்"னு கத்தினேன், மூளை கெட்டவளேன்னு மேடம் என்னைத் திட்டற வார்த்தை. அதுக்கப்புறம் வந்ததெல்லாம் அரபிதான். எனக்கு அவ்வளவு அரபி தெரியும்னு எனக்கே தெரியாது. முதல் அறை அவ கன்னத்துல விழுந்தப்போ யாரோ இன்னும் சிரிச்சுக்கிட்டிருந்தாங்க.

அப்புறம் மாப்புக் கட்டை. தோள்ல, முதுகுல, தடுத்த கையில. காதுல பட்டுத் தோல் கிழிஞ்சு ரத்தம் கழுத்து வழியா சட்டைக்குள்ள இறங்குச்சு. அவ ஓடல, திருப்பி அடிக்கல. சுருண்டு உட்கார்ந்து ரெண்டு கையாலயும் தலையை மூடிக்கிட்டா. எதை மூடணும்னு பழகின உடம்பு அது. எனக்கும் அது தெரியும், மூடாத இடமாப் பார்த்து அடிச்சேன். வெட்கத்தை விட்டுச் சொல்றேன், சுகமா இருந்துச்சு. நாலு பேர் சேர்ந்து என்னைச் சுவத்தோட அழுத்திப் பிடிச்சாங்க.

ஆபீஸ் ரூம்ல இருந்து பொறுப்பாளர் ஓடி வந்தார். "யாரு கை நீட்டினது?" பிடிச்சிருந்த நாலு பேரும் என்னை விட்டுட்டு விலகிக்கிட்டாங்க. டீச்சர் அவ காதுல துணியை வச்சு அழுத்திக்கிட்டிருந்தாங்க, வாயைத் திறக்கல. நாடகம் போடச் சொன்னது அவங்கதானே. வெளியில ஒரு கார் கதவு சாத்தின சத்தம் கேட்டது, கபீல்தான் வந்துட்டான்னு நினைச்சேன். இவ ஒரு வார்த்தை சொன்னா நான் தீர்ந்தேன்.

அவர் குனிஞ்சு அவகிட்டயே கேட்டார். "உன்னை அடிச்சாங்களாம்மா?"

அவ என்னை ஒரு தடவை பார்த்தா.

"ஒண்டுமில்ல சேர். பாடந்தான் நடந்த. நான் வழுக்கி விழுந்திட்டன்."

அவர் நம்பல. ஆனா அடி வாங்கினவளே இல்லைன்னா அவர்தான் என்ன செய்வார்? பொதுவா நாலு திட்டு திட்டிட்டுப் போயிட்டார். நான் தப்பிச்சேன்.

மத்தியானம் சோத்துத் தட்டோட அவகிட்டப் போனேன். காலைப் பிடிச்சு ஓன்னு அழுதேன். "என்னைக் காப்பாத்திட்டியே, உனக்கு எப்படிடி இவ்வளவு நல்ல மனசு"ன்னு கேட்டேன். அவ காலைப் பின்னால இழுத்துக்கிட்டா. குரல் எழும்பவே இல்ல.

"மனசுமில்ல ஒண்டுமில்ல அக்கா. சேர் கேக்கக்குள்ள கட்டை உங்கட கையிலதானே இருந்த."

நாலு பேர் பிடிச்சப்பவும் நான் அதைக் கீழ போடலைங்கிறது அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அன்னைக்குச் சாயங்காலமே அவ மெத்தையைச் சுருட்டிக்கிட்டு ஹாலோட அந்தக் கோடிக்குப் போயிட்டா.