மணிவிழாவுக்குப் போட்ட கேபிள்

முப்பத்தாறு வயதில் நான் மறுபடியும் மாணவியானேன். கோர்ட்டுக்கு எதிரே பத்து வருடமாக நான் டைப் அடித்துக்கொண்டிருந்த ஜெராக்ஸ் கடையை மூடிவிட்டார்கள். வேலை பார்த்துக்கொண்டே கற்கும் ஹார்டுவேர், நெட்வொர்க்கிங் படிப்பு ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்டுச் சேர்ந்தேன். ஐந்து நாள் கும்பகோணத்தில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை, சனிக்கிழமை வகுப்பு. கடைக்காரர் என்னைவிட எட்டு வயது இளையவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். வகுப்பில் சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளின் நிற வரிசையை அரிசி களையும்போதுகூட முணுமுணுப்பேன். கைதான் வரவில்லை.

நான்காவது மாதம் திருக்கடையூரில் ஒரு மணிவிழா வேலை வந்தது. அந்தத் தம்பதியின் மகன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன, லீவு கிடைக்கவில்லை. சடங்கு நடக்கும் மண்டபத்து மாடியில் பெரிய டி.வி. வைத்து, அவர் அங்கிருந்து சடங்கைப் பார்க்கவும் இவர்கள் அவரைப் பார்க்கவும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

“சின்ன வேலைதான்க்கா. கீழ ஆபீஸ் ரூம்ல இன்டர்நெட் ரௌட்டர் இருக்கு, வைஃபை மாடிக்கு எட்டாது. அங்கேருந்து மாடிக்கு ஒரு கேபிள் இழுத்து லேப்டாப்புல சொருகணும். எனக்குப் பட்டுக்கோட்டையில வேலை இருக்கு. நீங்களே போயிட்டு வந்துருங்க” என்றார் கடைக்காரர்.

முதல் பஸ்ஸைப் பிடித்து, விடிகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மாடிப்படி ஓரமாகக் கேபிளை இழுத்து, படிக்கட்டு மூலையில் உட்கார்ந்து எட்டுக் கம்பிகளையும் வரிசைப்படுத்தி முனையில் கனெக்டர் மாட்டினேன். அங்கே ஒரு மஞ்சள் பல்பும் சீரியல் லைட்டும்தான் வெளிச்சம். மேலே கொண்டுபோய்ச் சொருகினேன். லேப்டாப்பில் அந்தச் சின்னப் பச்சை விளக்கு எரியவில்லை.

கேபிள் சரியா என்று பார்க்கும் டெஸ்டரை எடுத்தேன். அதில் பேட்டரி தீர்ந்திருந்தது. ஒன்பது வோல்ட் சதுர பேட்டரி. தெருவில் இறங்கி ஓடினேன். பூக்கடை, தேங்காய்க் கடை, படக்கடை எல்லாம் திறந்திருந்தன. எனக்கு வேண்டிய கடை ஒன்றுகூடத் திறக்கவில்லை.

திரும்பி வந்தபோது தம்பதியை மணையில் உட்காரவைத்துக் கலச நீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய மகள் போனும் கையுமாக என்னிடம் வந்தாள்.

“அண்ணன் கேக்குறாங்க அக்கா, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்னு.”

“அஞ்சு நிமிஷம்மா. மண்டபத்து ரௌட்டர்ல ஏதோ கோளாறு” என்றேன். தெரிந்து சொல்லவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னேன்.

ரௌட்டரை அணைத்துப் போட்டேன். நான்கு துளையிலும் மாற்றி மாற்றிச் சொருகினேன். என் போன் நெட்டை லேப்டாப்பில் இணைத்துப் பார்த்தால், முகூர்த்த நாள், ஊர் முழுக்கக் கூட்டம். படம் வராமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைக்காரரைப் போனில் கூப்பிட்டேன். “டெஸ்டர்ல போட்டுப் பாருங்கக்கா, எந்தக் கம்பின்னு காட்டிரும்” என்றார்.

மைக் செட்காரரிடம் போய் பேட்டரி இருக்கிறதா என்று கேட்டேன்.

“இருக்கு. ஐயர் மைக்குல இருக்கு” என்றார். “மந்திரம் சொல்லிக்கிட்டிருக்கார், இப்ப எப்படிங்க கழட்டுறது?”

பத்தடி தூரத்தில் ஐயர் இடுப்பில் அந்த மைக்கின் கறுப்புப் பெட்டி தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனது. மணையில் இருந்த பெரியவர் தாலியைக் கையில் எடுத்தார். அந்த அம்மா குனிவதற்கு முன் ஒரு தரம் டி.வி.யைத் திரும்பிப் பார்த்தார். அதில் நீலத் திரை மட்டும் இருந்தது. மகள் தன் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் சாமி தரிசனத்துக்குக் கோயிலுக்குக் கிளம்பிய பிறகு பேட்டரி என் கைக்கு வந்தது. டெஸ்டரில் போட்டதும் தெரிந்துவிட்டது, ஒன்றாவது கம்பியும் ஏழாவது கம்பியும் இடம் மாறியிருந்தன. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் வெள்ளைக் கம்பிகள் மேல் ஓடும் ஆரஞ்சுக் கோடும் பழுப்புக் கோடும் எனக்கு ஒன்றுபோலத் தெரிந்திருக்கின்றன. முனையை வெட்டி, ஜன்னலோரம் உட்கார்ந்து மாற்றிப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது.

மகன் திரையில் வந்தார். கம்பெனிச் சட்டை போட்டிருந்தார். அவர் பார்த்தது என்னையும், எனக்குப் பின்னால் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த இரண்டு பேரையும்.

“முடிஞ்சிருச்சுங்களா?”

“முடிஞ்சிருச்சுங்க சார். கோயிலுக்குப் போயிருக்காங்க.”

“வேட்டி கட்டி ரெடியா உக்காந்திருந்தேன்” என்றார். “மதிய ஷிப்டுக்கு நேரமாச்சேன்னு இப்பதான் மாத்துனேன்.”

அவரை வேலைக்கு ஏற்றிப்போகும் வண்டி வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. தம்பதி வந்து சேர்ந்ததும் அந்த அம்மா செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும் ஓடிவந்து டி.வி. முன்னால் நின்றார். “நமஸ்காரம் பண்ணிக்கிறேன்மா” என்று மகன் தரையில் விழுந்தார். விழுந்ததும் திரையில் அவர் இல்லை. இரும்புக் கட்டிலும் கொக்கியில் தொங்கிய வேட்டியும்தான் இருந்தன. பெரியவர் தட்டிலிருந்து அட்சதையை அள்ளி டி.வி. மேல் போட்டார். அரிசி கண்ணாடியில் பட்டுச் சிதறியது. எழுந்த மகன், “வண்டி வந்திருச்சுப்பா” என்றார்.

திரை அணைந்த பிறகு நான் அந்த அம்மாவிடம் போனேன். “உங்க பொண்ணுகிட்ட சொன்ன மாதிரி இல்லம்மா, மண்டபத்து ரௌட்டர் நல்லாத்தான் இருக்கு. கம்பியை நான்தான் மாத்திப் போட்டுட்டேன்.”

“யார் மேல தப்பு இருந்தா என்னம்மா” என்றார். குரலில் கோபம் இல்லை. “நேரம் போயிருச்சுல்ல.”

கேபிளைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில், அந்த வாரம் தனியாகச் செய்த வேலையை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டியிருந்தது. கேபிளில் இரண்டு கம்பி மாறியிருந்ததைக் கண்டுபிடித்துச் சரிசெய்தேன் என்றேன். எவ்வளவு நேரம் ஆனது என்று ஆசிரியர் கேட்டார். பேட்டரி கிடைத்த பிறகு பத்து நிமிடம் என்றேன். பரவாயில்லை என்று எழுதிக்கொண்டார்.