முகம் வரையாத ஆட்டம்

பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கீபோர்டுக்கு ஒயர் மாட்டிக்கொண்டிருந்தபோது நிவேதாவின் அழைப்பு வந்தது. மைக் சோதிக்கிற சத்தத்தில் முதலில் ஒன்றும் விளங்கவில்லை. வெளியே வந்து மறுபடி கேட்டேன். "மாமா, அம்மா போயிட்டாங்க" என்றாள். அழவில்லை.

வெறும் காய்ச்சல் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். கெண்டைக்கால் வலியை வேலை அலுப்பு என்று விட்டிருக்கிறார்கள். பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது எலிப்பனி என்கிற எலிக்காய்ச்சல் முற்றி, சிறுநீரகம் செயலிழந்திருந்தது. நாற்பதைத் தாண்டி அதிகம் ஆகாத உடம்பு. குழுவில் இன்னொருவரிடம் கீபோர்டை ஒப்படைத்துவிட்டு நான் அவர்கள் ஊரான எருத்தேன்பதிக்குப் பஸ் ஏறினேன்.

நிவேதாவின் அம்மா தனலட்சுமி என்று சொன்னால் உங்களில் பலருக்குத் தெரியாது. 'வரப்பு தனம்' என்றால் தெரியும். பால் சொசைட்டியில் பால் அளக்கும் வேலை. காலைப் பால் முடிந்ததும் கடலைக்காட்டு வரப்பில் போனை ஒரு கல்லுக்கு முட்டுக்கொடுத்து நிறுத்தி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடுவார். ஆளகலம்கூட இல்லாத வரப்பு. ஒரு நாளும் கால் பிசகியதில்லை.

எனக்கு அவர் அறிமுகமானது ஒரு வரவேற்புக் கச்சேரியில். கச்சேரி முடிந்து மூட்டை கட்டும்போது மேடையோரம் வந்து, பாட்டை வேகமாக ஓட்டினால் குரல் கீச்சென்று ஆகிவிடுகிறதே, அதற்கு வழி இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அதைவிட, உங்கள் ஆட்டத்துக்கு நானே தாளம் போட்டுத் தருகிறேனே என்றேன். "ஏனுங்கண்ணா, கல்யாணத்துக்கு வாசிக்கிற கை மாட்டுச்சாணிக்கு நடுவுல வாசிக்குமுங்களா?" என்று சிரித்தார். வாசித்தது. எங்கள் வீடியோக்களைக் கோயம்புத்தூரிலும் பார்த்தார்கள். இடுக்கியில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களிலும் பார்த்தார்கள்.

பிறகு அது நடந்தது. யாரோ ஒருவன் தனத்தின் முகத்தை எடுத்து, ஆடையில்லாத இன்னொரு பெண்ணின் உடம்பில் பொருத்திவிட்டான். எந்த ஆப்பில் செய்தான், எந்த ஊர்க்காரன் என்பது இன்றுவரை தெரியாது. அவர் கணவர் சக்திவேல் லாரி ஓட்டுகிறார். வாளையார் செக்போஸ்ட் வரிசையில் வண்டியை நிறுத்தியிருந்தபோது, பின் வண்டிக்காரர் ஏறி வந்து, இது உங்க வீட்டுக்காரம்மாதானே என்று போனை நீட்டியிருக்கிறார். சக்திவேல் லோடை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, முகம் கழுவாமலே மனைவியின் எதிரில் உட்கார்ந்தார். "அது நீ இல்லேன்னு எனக்குத் தெரியும் தனம். எனக்கு மட்டும் தெரிஞ்சு என்ன பண்றது?" என்றார். இதைத் தனமே என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, அவர் மேல் கோபப்பட முடியவில்லை என்றும் சொன்னார்.

நாங்கள் மூவரும் காவல் நிலையம் போனோம். புகாரை மலையாளத்தில் எழுதித் தரச் சொன்னார்கள், நான் எழுதினேன். பிறகு படத்தைக் காட்டச் சொன்னார்கள். ஒருவர் பார்த்தார். பார்த்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். அதுவரை தனம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். போலி என்றால் போலி என்று நீங்களே ஒரு வீடியோ போட்டுவிடுங்கள், கவலைப்பட என்ன இருக்கிறது என்றார் அதிகாரி. தனம் அப்போதுதான் திரும்பினார்.

"சார், தலைதானுங்க என்னுது. ஒடம்பு வேற ஒரு பொண்ணோடதுங்க. அவளுக்கும் இது தெரியாதுங்களே. அவளுக்காவும் சேத்தி எழுதிக்கோங்க."

பெயர் தெரியாத ஆளுக்காகப் புகார் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார்கள். திரும்பும் பஸ்ஸில் தனம் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெண் எந்த ஊரோ, பிள்ளைகுட்டி இருக்குமோ, யார் எப்படி ஏமாற்றி அந்தப் படத்தை எடுத்தார்களோ என்றே கேட்டுக்கொண்டு வந்தார். எனக்கு அந்தப் பெண்ணைப் பற்றிய நினைப்பே வந்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்து வேறு யாருக்கும் வந்ததில்லை.

சொசைட்டியில் சிலர் பால் கேனை அவர் கையில் தராமல் தரையில் வைத்துவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னவர்களும் உண்டு. அவர் எடுக்கவில்லை. ஆனால் வீடியோக்களை எடுத்துவிடச் சொன்னார். என் வீட்டுக் கம்ப்யூட்டரில் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கடைசி வரை பார்ப்பார். பிறகு அழிக்கச் சொல்லித் தலையாட்டுவார். அவர் போனில் இருந்த படங்களும் அன்றே போயின. எல்லாவற்றின் பிரதியும் என் ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது என்றேன். அது அங்கேயே இருக்கட்டும், வெளியே வர வேண்டாம் என்றார்.

அதன்பின் அவர் ஆடி நான் பார்க்கவில்லை. மாரியம்மன் நோம்பியில் கும்மியடிக்கப் பெண்கள் கூப்பிட்டால் முழங்கால் வலி என்பார். அவருக்கு அப்படியொரு வலி இருந்ததேயில்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள் போனோடு வந்தார். பழைய ஆட்டம் ஒன்றை என்னிடம் கேட்டு வாங்கிப் போயிருந்தார். அதை அசைவசைவாக நிறுத்தி, ஒவ்வொரு நிலையின் மேலும் விரலால் கோடிழுத்து, அவ்வளவையும் சேர்த்து ஓட விட்டிருந்தார். சேலை கட்டிய ஒரு கறுப்புக் கோட்டுருவம் வெள்ளைத் திரையில் ஆடியது. கோடு அங்கங்கே நடுங்கியது. ஆனால் இடுப்பின் வெட்டும், குதிகால் தரையைத் தொடும் நேரமும் தனத்தின் உடம்பேதான். முகம் மட்டும் வெறும் வட்டம். ஏன் முகம் வரையவில்லை என்று கேட்டேன்.

"குடுத்தா எடுத்துட்டுப் போயிருவாங்கண்ணா" என்றார்.

அந்த அனிமேஷன்களைத்தான் நீங்கள் கடந்த சில வருடங்களாகப் பார்த்துவந்தீர்கள். வரைந்தது யாரென்று கேட்டவர்களுக்கு நாங்கள் பதில் சொன்னதில்லை. இடுக்கியிலிருந்து ஒரு பெண், தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர், அதில் ஆடுவது தன் அம்மாவைப் போலவே இருக்கிறது, கொழுந்து எடுக்கப் போகையில் அம்மா இப்படித்தான் இடுப்பில் கைவைத்து நிற்பாள், இப்போது அவள் இல்லை என்று எழுதியிருந்தார். நான் படித்துக் காட்டினேன். "அவங்கம்மாவாவே இருக்கட்டுமுங்க" என்றார் தனம். முகம் துடைத்துக்கொண்டார்.

அன்று நான் போய்ச் சேர்ந்தபோது உடல் வீட்டுக்கு வந்திருந்தது. கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் படம் இல்லை. ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கினால் யாரோ போலிருந்தது. மாமாவிடம் இருக்கும் என்றாள் நிவேதா. நான் சக்திவேலைப் பார்த்தேன். அதற்குள்ளேயே லாரிக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் யாரோ அந்தப் பழைய போலிப் படத்தை மறுபடி போட்டு, 'ஆழ்ந்த இரங்கல்' என்று கீழே எழுதியிருந்தார்கள். அவரும் அதைப் பார்த்துவிட்டிருந்தார். பேனரில் முகத்தை வைத்தால் அதையும் எவனாவது எடுத்துப் போவான் என்று உறவுக்காரர் ஒருவர் சொன்னார். பூ மட்டும் போட்டு அடிக்கலாம் என்றார் இன்னொருவர்.

"வைங்கண்ணா" என்றார் சக்திவேல் கடைசியில். "ஊருக்குள்ள சுத்துறது அவ மூஞ்சி இல்லீங்க. அவ மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு ஒருக்காவாவது பாக்கட்டும்."

வீட்டுக்குப் போய், வரப்பில் ஆடி முடித்து மூச்சிரைக்க நின்ற ஒரு நொடியை ஹார்டு டிஸ்க்கிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அது முச்சந்தியில் நின்றது. சுடுகாட்டுக்குப் போகிற வழியில் சிலர் அதை நிமிர்ந்து பார்த்தார்கள். கேனைத் தரையில் வைத்தவர்களில் ஒருவர் பார்க்காமல் போனார். லாரிக்காரர்களின் குழுவில் அந்தப் போலிப் படம் இன்னும் அழிக்கப்படவில்லை.

ஹார்டு டிஸ்க்கை நிவேதாவிடம் கொடுத்துவிட்டேன். அதை என்ன செய்வதென்று அவள்தான் முடிவெடுக்க வேண்டும். நான் எனக்கென்று வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. தாளம் எப்படி வேண்டுமென்று சொல்ல அவர் எனக்கு அனுப்பிய குரல் பதிவு. தொடையில் தட்டிக்கொண்டே 'தன்னன்னானே' என்று பாடுகிறார். நடுவில் யாரோ பால் கொண்டுவருகிறார்கள். "அங்க மூடி வைங்க, வாறேன்" என்று அவர்களிடம் சொல்கிறார். கை தட்டுவதை நிறுத்தவில்லை. பேசி முடித்து, தாளம் ஒரு துளியும் பிசகாமல், விட்ட இடத்திலிருந்து மேலே பாடுகிறார்.