பச்சையாய்க் கிடந்த பத்தொன்பது நாள்

அறிக்கை மென்பொருளிலிருந்து எக்செல்லுக்கு இறங்கும் எண்களுக்கு நிறம் பூசுவது என் வேலை. இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: எண்ணை ஒருவரும் பார்ப்பதில்லை, நிறத்தைத்தான் பார்க்கிறார்கள்.

சிவப்பு

கிளிநொச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருக்கிறேன். எந்த ஊருக்குத் தண்ணீர்த் தாங்கி லொறி, எங்கள் பேச்சில் பவுசர், போய் எத்தனை நாளாயிற்று என்ற பட்டியல், கோடை முழுக்கத் திங்கட்கிழமைதோறும் என் கையால் போகும். நாற்பது ஊர், நாற்பது எண். பொறுப்பதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பார்க்கத் தலை சுற்றுகிறது என்றார். நிறம் போடலாமே என்று வாயைக் கொடுத்தது நான்தான். அவருக்குச் சந்தோசம்.

"நல்லது தங்கச்சி. எங்க சிவப்போ, அங்க பவுசரை விடுவம்."

பச்சை

மென்பொருளில் அதற்கு ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் சின்ன எண்ணுக்குச் சிவப்பு, நடுவில் மஞ்சள், பெரிய எண்ணுக்குப் பச்சை என்று நிறம் தானாக ஏறும். விற்பனை பார்ப்பவர்களுக்குப் பெரிய எண் நல்லது. எங்களுக்குப் பெரிய எண் என்றால் தாகம். அதை நான் யோசிக்கவேயில்லை. பளைப் பக்கத்து ஊர் ஒன்றுக்குப் பவுசர் போய்ப் பத்தொன்பது நாள். தாளில் அது நல்ல கரும்பச்சை. முந்தின நாள்தான் தண்ணீர் பிடித்த ஊர் சிவப்பாக இருந்தது. பவுசர் மறுபடியும் அங்கேயே போனது.

புதன்கிழமை அந்த ஊர் மாதர் சங்கத் தலைவி யோகராணியக்கா பஸ் ஏறி வந்தார். கிணறெல்லாம் உவர், அதைத்தான் காய்ச்சிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்களாம், இரண்டு பேருக்கு வயிற்றோட்டமாம். அந்தத் தண்ணீரில் ஒரு போத்தலை என் மேசையில் வைத்தார். நான் தாளைக் காட்டி என் பிழையைச் சொன்னேன். ஏச்சு விழும் என்று நின்றேன். அவர் பச்சைக் கட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இதைப் பூசேக்க எங்கட ஊரை ஒருக்கா நினைச்சனீங்களோ, தங்கச்சி?"

அன்று பின்னேரமே பவுசர் போனது.

மஞ்சள்

நிறத்தைத் தலைகீழாக மாற்றினேன். இனிப் பிரச்சினையில்லை என்று நினைத்தேன். அடுத்த மாதம் பவுசர் பழுதாகி, முல்லைத்தீவுப் பக்கம் ஒரு ஊர் முப்பது நாள் காய்ந்தது. அது கடும் சிவப்பு. தாளில் அதற்குப் பக்கத்தில் யோகராணியக்காவின் ஊருக்குப் பதினாலு நாள், வெறும் மஞ்சள். மென்பொருள் ஊர்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் நிறம் கொடுக்கிறது, பிழை அதில் இல்லை. பழுது திருத்திய பவுசர் சிவப்புக்கு மட்டும் போனது. யோகராணியக்கா திரும்ப வந்தார். இந்த முறை தாளை அவரே கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"எங்களைவிட மோசமா ஒரு ஊர் கிடக்கெண்டால், எங்கட பிள்ளையளுக்குத் தண்ணிவிடாய் குறைஞ்சிடுமோ?"

இப்போது மற்ற ஊர்களோடு ஒப்பிடுவதில்லை, ஏழு நாளைத் தாண்டிய ஊரெல்லாம் ஒரே சிவப்பு. தாள் பார்க்க வடிவில்லை என்று பொறுப்பதிகாரி குறைப்படுகிறார், யோகராணியக்கா குறைப்படவில்லை.